கட்டுரைக்குள் வந்த டாக்டர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் அவளுக்கு, அங்கேயே மேற்பார்வை வேலை தயாராக இருந்தது. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான்: பிழைக்க வந்த ஊரின் மொழியில் ஒரு கட்டுரை எழுதித் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் அந்த நாற்காலி வேறொருத்திக்கு.

இத்தனைக்கும் தப்பில்லாமல் எழுதுவதில் அவள் கில்லாடி. தெரிந்த சொல்லைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். மாலை வகுப்புப் புத்தகத்தில் டாக்டர் உண்டு, தோட்டம் உண்டு, நாய் உண்டு. பிளம்பர் இல்லை. ஆகவே குழாய் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் வகுப்புக்கு எழுதிய கட்டுரையில் டாக்டராகிவிட்டார். படித்துப் பட்டம் வாங்கும் சிரமம்கூட அவருக்கு வைக்கவில்லை. மூன்றாம் மாடி வீட்டுக்குத் தோட்டம் முளைத்தது, அதில் நாயும் ஓடியது. ‘பிழை இல்லை. ஆனால் இதில் நீங்கள் எங்கே?’ என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

வீட்டில் மகள் அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை.

“பிளம்பர்னு எழுத வெக்கமா இருந்துச்சா?”

“ஐயோ, அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுங்க!”

“தெரியாட்டி கேட்டிருக்கலாமே.”

தினமும் சாப்பிட்டதும் அவர் அவள் காலை அமுக்கிவிடுவார். அன்று நேரே போய்ப் படுத்துக்கொண்டார், அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. அவளுக்குச் சுருக்கென்றது. கேட்கத் தோன்றவே இல்லையே, அது எப்படி?

மூன்றாவது தேர்வில் தலைப்பு ‘என் வீட்டில் ஒருவர்’. பழக்கதோஷம், டாக்டர் பேனா முனை வரை வந்துவிட்டார். விரட்டினாள். வருவது வரட்டும் என்று எழுதித் தள்ளினாள்.

விடைத்தாள் சிவப்பு மையில் குளித்து வந்தது. மகள் அதையும் தமிழில் சொன்னாள்.

“‘என் கணவர் டாக்டர் இல்லை. வரக்கூடாத இடத்தில் தண்ணீர் வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். யார் வீட்டுச் சமையலறையிலோ தரையில் படுப்பார். தண்ணீர் நிற்கும். நான் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன். வீட்டில் அவர் என் காலை அமுக்குவார். வலி நிற்கும். இரண்டு வேலைக்கும் எனக்குப் பெயர் தெரியாது.’ அம்மா, பதினேழு தப்பு! ஆனா பாஸ்!”

“தப்பு கெடக்கட்டும்,” என்றார் அவர். “இன்னொரு தடவ படி.”

மகள் படிக்கத் தொடங்கியதும், மனைவியின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.