காது அறுந்த கிடா

தொண்ணூறில் சண்டை மூண்டு நிலைமை கெட்டு வாப்பா வயல் பக்கம் போக முடியாமல் போனதும், வயல்வாடியில் நின்ற செம்மறிகள் எங்கள் வீட்டு வளவுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தன. கல்முனையில் வளவு என்று நாங்கள் சொல்வது, கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் மிஞ்சிய மணலைத்தான். அங்கே இருந்த புல்லை ஒரு கிழமைக்குள் தின்று தீர்த்தன. பிறகு உம்மாவின் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றன. பிறகு அடுத்த வீட்டார் கொடியில் காயப்போட்ட சாறனைத் தின்றன. அடுத்த வீட்டார் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஆடுகளை யாருக்காவது கொடுத்துவிடுவதென்று வாப்பா முடிவெடுத்தார்.

மற்றவை சிக்கலில்லாமல் போயின. மிஞ்சியது ஒரு கிடா. குட்டியாக இருக்கும்போது நாய் கடித்து அதன் ஒரு காது பாதி போயிருந்தது. தாயும் ஒதுக்கிவிட்டதால் உம்மாதான் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தார். பெற்ற எங்களைக் கழுதைகள் என்று கூப்பிட்டவர், அதை மகன் என்றார். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. கிடாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காதைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார்கள். காது அறுந்தது பெருநாளில் அறுத்துப் பலி கொடுக்கும் குர்பானுக்குக் கூடாது. உம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார். அவர்கள் படலையைத் தாண்டியதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வார். கடித்த நாய்க்கும் சேர்த்து துஆ கேட்டிருப்பார் போல.

கடைசியில் வரிப்பத்தான்சேனையில் இருந்த மாமி, வாப்பாவின் தங்கை, கிடாவைக் கேட்டு வந்தார். அங்கே புல்லுக்குக் குறைவில்லை. ஆனாலும் உம்மா இலேசில் விடவில்லை. படுக்கிற இடம் மணலா சேறா, நாய் உண்டா, கட்டி வளர்ப்பீர்களா அவிழ்த்து விடுவீர்களா என்று துருவினார். எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிப் பழக்கமில்லாத உம்மா, முதன்முதலாக அழுது அனுப்பியது அந்தக் கிடாவைத்தான். என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடக்கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை. காதை மட்டும் நம்பாமல் ஒன்றே ஒன்றுக்குச் சத்தியம் வாங்கினார்: குர்பான் கொடுக்கக் கூடாது. மாமி கொஞ்சமும் யோசிக்காமல் வல்லாஹி என்றார். புதுக் கயிறும் ஒரு வாளியும் கிடாவோடு சீதனமாகப் போயின.

பெருநாள் முடிந்து போய்ப் பார்த்தோம். கிடா உயிரோடு நின்றது, நன்றாகக் கொழுத்தும் இருந்தது. உம்மா அதன் முதுகைத் தடவித் தடவிப் பூரித்தார். மாமியும் கூடவே தடவிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் மாமியின் மகளுக்குக் கலியாணம். பெண்கள் பக்கம் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். எல்லாருக்கும் பொதுவான அந்தத் தட்டில் புரியாணி, மேலே இறைச்சி. உம்மா நாலு வாய் தின்று, இறைச்சி பஞ்சு போல வெந்திருக்கிறது என்று மெச்சிவிட்டு, கிடா எங்கே, ஆட்களின் சத்தத்துக்குப் பயந்து நிற்கிறதா என்று கேட்டார். மாமிக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"குர்பான் குடுக்கல்லதானே மச்சி. சத்தியத்த நான் மீறல்ல. கலியாணத்துக்குக் காது என்னத்துக்கு?"

உம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. விஷயம் விளங்கியதும், வளர்த்தவர் என்ற மரியாதையில், ஆளுக்காள் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள். சஹனில் இருந்து இடையில் எழும்புவது முறையில்லை. அவர் முன்னால் இறைச்சி குவிந்தது. கறி எப்படி என்று கேட்க மாமி பக்கத்திலேயே நின்றார்.

உம்மா ஒரு துண்டை எடுத்தார். மெதுவாக மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் வளத்திரிக்கீங்க மச்சி" என்றார்.