கல்வெட்டின் ஒன்பதாம் பக்கம்

வேலணையில் ஒரு செத்தவீடு நடந்தால் ஐயருக்கு அடுத்ததாக என்னைத்தான் தேடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதைக் கணினியில் வடிவமைப்பது என் தொழில். தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று அதற்கொரு ஒழுங்கு உண்டு. புலம்பல்களையும் பெரும்பாலும் நானே எழுதிவிடுவேன். அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் எழுதித் தாருங்கள் என்று கேட்கவா முடியும்?

வேலையில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். பக்கத்துக்கு இரண்டு பத்தி, சுற்றிவரப் பூவேலை, பின்னால் மங்கலாகக் குத்துவிளக்கு, அதன்மேல் எழுத்து. அச்சில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதையே பிடிஎஃப் ஆக்கி வெளிநாட்டுச் சொந்தங்களின் போனுக்கு அனுப்பிவிடுவேன். உண்மையில் இப்போது கல்வெட்டை வாசிப்பவர்கள் அவர்கள்தான். இங்கே வாங்குபவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

போன மாரிகாலத்தில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் இறந்துபோனார். அவருடைய ஒரே மகன் பிரான்சில் ஒரு உணவகக் குசினியில் சமையல் வேலை செய்கிறான். வதிவிட அனுமதி கிடைக்காததால் வர வழியில்லை. ஏழு வருடத்துக்கு முன் தகப்பனோடு சண்டை பிடித்து, சொல்லாமல் புறப்பட்டவன். அன்றிலிருந்து அவர் அவனோடு போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கே தெரிந்த கதை இது.

விபரம் எடுக்கப் போனபோது தாய் சொன்னார்: "தம்பி, என்ர பக்கத்தை நீங்கள் எழுதவேண்டாம். நான் சொல்லுறன், அப்பிடியே அடியுங்கோ. போனிலை சொல்ல வெளிக்கிட்டால் அழுகைதான் வருது. அவன் வாசிக்கட்டும்."

சொல்லச் சொல்ல அடித்தேன். கவனம் முழுக்கப் பக்கம் நிரம்புவதில் இருந்தது. அவருக்கு ஒதுக்கிய ஒன்பதாம் பக்கத்தில் அடங்காமல் நீண்டதும் எழுத்தைச் சிறிதாக்கினேன். பக்கத்தின் வடிவு கெடக்கூடாதல்லவா!

அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையில் அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தார். "அவன் ஒண்டும் சொல்லுறானில்லை தம்பி. புத்தகம் வடிவாக் கிடக்கெண்டான். வாசிச்சவனோ தெரியேல்லை."

நானே மகனுக்குப் போன் எடுத்தேன். "வாசிச்சனீரோ?"

"எங்கை அண்ணை வாசிக்கிறது? பெருப்பிச்சால் பாதி வரி வெளியிலை போகுது. இழுத்துப் பார்த்துப்போட்டுத் திரும்பி வந்தால் அடுத்த வரி எதெண்டு தெரியேல்லை. எனக்கு வேலையிலை பத்து நிமிசம்தான் ஓய்வு. படங்களைப் பார்த்தனான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணினியில் பாரும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது, வீம்புக்கு அதை என் போனில் திறந்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஒரு வரியைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு தாய் நம்பித் தந்த சொல்லை, அழகு பார்க்கப்போய் நான் புதைத்துவிட்டேன்.

அன்றே வீடு திரும்பிப் பூவேலையை எடுத்தேன், குத்துவிளக்கை எடுத்தேன். வெள்ளையில் கறுப்பாக, பெரிய எழுத்தில், ஒரே பத்தி. விரலால் மேலே தள்ளிக்கொண்டு போனால் போதும். பிடிஎஃப் ஆக்காமல் வெறும் எழுத்தாக அனுப்பினால் பழைய எழுத்துருவில் அடித்தவை போனில் ஆங்கிலக் குப்பையாக வரும் என்பதால் எல்லாவற்றையும் யுனிகோடில் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. தாயின் பக்கத்தை, முறை தப்பினாலும் பரவாயில்லை என்று, தேவாரத்துக்கு அடுத்ததாக வைத்தேன். அப்போதுதான் அதை முதல்தடவையாக வாசித்தேன்.

"அப்பாவுக்கு உன்னிலை கோவமில்லை, மகன். உன்ர குரலுக்குப் பதில் சொன்னால் அழுதிடுவன் எண்டுதான் போனை வாங்காமல் விட்டவர். நீ எடுக்கிற நேரமெல்லாம் நான் ஸ்பீக்கரிலை போட்டது அவர் கேக்கத்தான். ஒருநாளும் எழும்பிப் போகேல்லை. நீ வைச்சாப்பிறகு, அவன் சாப்பிட்டவனாமோ எண்டு என்னட்டைக் கேப்பார்."

அனுப்பிய மறுநாள் மகன் போன் எடுத்தான். பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது.

"அண்ணை, இது அம்மா சொன்னதோ, நீங்கள் எழுதினதோ?"

குத்தியது. ஊருக்கெல்லாம் புலம்பல் எழுதிக் கொடுப்பவனிடம் வேறெப்படிக் கேட்பான்?

"அம்மா சொன்னது. ஒரு சொல்லும் நான் சேர்க்கேல்லை."

யாரோ பிரெஞ்சில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"அப்ப, அம்மாட்டை நான் அவரை ஏசின ஏச்செல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும், என்ன?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம், கேட்டிருக்கும். அதைக் கேட்டாப்பிறகும்தான், நீர் சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவர்."