அண்ணனின் வண்டியும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்கள் சித்தப்பா மகன் என்னிடம், "அக்கா, அந்த டிராக்டர் கதைய மட்டும் எழுதிராதீய. திவசத்துக்கு வாரவங்க வாசிச்சிட்டுச் சிரிப்பாங்க" என்றான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் போய் ஓராண்டு ஆகிறது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா தவறியபோது அவர் ஒன்பதாம் வகுப்பு, நான் ஒன்றாம் வகுப்பு. படிப்பை நிறுத்திவிட்டு ஊரின் பெரிய நிலக்காரர் வீட்டில் டிராக்டர் வேலைக்குப் போனார். பின்னாளில் அந்த வீட்டு ஓட்டுநரும் அவரே. கார் பருவமோ பிசானப் பருவமோ, எங்கள் ஊர் வயல்பற்றில் அவர் இறங்கி உழாத வயல் குறைவு. அதில் எங்களுடையது ஒன்றுமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னை ஆசிரியப் பயிற்சிவரை படிக்க வைத்தார். நான் இன்று பாளையங்கோட்டையில் பாடம் நடத்துவது அவர் போட்ட சோறு.

நிலக்காரர் வீட்டில் புது டிராக்டர் வாங்கினால் பூசை போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பழத்தை நசுக்கி வண்டியை முதலில் நகர்த்துவது முதலாளியின் மகன். தெருமுனைவரை ஓட்டி அவர் இறங்கிய பிறகுதான் அண்ணன் ஏறுவார். அதற்கப்புறம் அந்த வண்டி தேய்ந்து ஓயும்வரை ஓட்டுவது அண்ணன்தான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, உடையவர் ஓட்டுவதுதான் வழக்கம். ஆனால் அது அண்ணனின் மனதில் கிடந்திருக்கிறது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணியிடம், "ஏட்டி, ஒரு தடவையாவது நம்ம வண்டில நான் ஏறி பழத்த நசுக்கணும்" என்றாராம்.

புது வண்டி வாங்க எங்கே போவது? முக்கூடல் பக்கம் ஒரு செங்கல் சூளையில், ஓடாமல் பல வருடமாக நின்ற டிராக்டர் ஒன்றை வாங்கினார். இருக்கைக்கு அடியில் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருந்தது. லாரியில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். "ஊர்ல எல்லாரும் வண்டி வாங்குனா அதுல ஏறி வருவாவ. உங்க அண்ணன் வண்டிய ஏத்திக்கிட்டு வந்திருக்காவ" என்று அண்ணி என்னிடம் போனில் சொன்னார். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சின் சுற்றவே முடியாமல் இறுகிப்போயிருந்தது. அந்த மாடலைக் கம்பெனியே கைவிட்டுவிட்டதால் சாமான் எங்கும் கிடைக்காது. அண்ணன் மதுரை, கோயம்புத்தூர் என்று பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். அண்ணியின் சீர் அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் சாமான்களை ஊறப் போட்டிருந்தார். அண்டாவை மீட்க அண்ணி போராடிப் பார்த்து விட்டுவிட்டார்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரங்களுக்கு முன்னால் பழமும் வைப்பார். மறுநாள் அவற்றை எடுத்து வாய்க்காலில் விடுவார். தெருப் பையன்கள், "நாங்க தள்ளுதோம், நசுங்கிட்டுப் போவுது" என்பார்கள். ஒத்துக்கொள்ள மாட்டார். "தள்ளி நசுக்குனா அது தள்ளுனவனுக்குத்தாம்லே. வண்டி தானா ஓடணும்."

ஒரு தை மாதம், பொங்கல் விடுமுறையில் நான் ஊரில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அந்த எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியது. கரும்புகை வீட்டுக்குள் நிறைந்தது. தெருவே கூடிவிட்டது. அண்ணன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, ஏறி கியரப் போடுங்க. ஒரு சுத்து போயிட்டு வந்திருவோம்" என்றார் பாய்.

"பொறும் வே. பழம் வைக்காம நகத்தப்படாது."

வீட்டில் பழம் இல்லை. அண்ணி கடைக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்குப் போட இருந்த பழம் எல்லாவற்றையும் பெண்கள் வாங்கிப் போயிருந்தார்கள். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் பறந்தார். நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ என்னவோ என்று எஞ்சினை ஓடவே விட்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. உள்ளே ஏதோ அடித்தது. பாய் பாய்ந்துபோய் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் பழங்களோடு திரும்பி வந்தபோது பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். "ஆயில் ஏறல அண்ணாச்சி. எஞ்சின் பிளாக்கே வெடிச்சிட்டு. இனி ஒண்ணும் செய்யதுக்கில்ல."

அண்ணன் பழங்களைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிக் கைகால் கழுவப் போனார். அன்றைக்கு ஒரு பழம் இருந்திருந்தால், அல்லது அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்து என்ன ஆகப்போகிறது?

அதன் பிறகும் அவர் பிளாக் தேடினார். கிடைக்கவில்லை. பின்பு ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த மழையில் வண்டி இருக்கைவரை சேற்றில் புதைந்தது. வெள்ளம் வடிந்ததும் அண்ணன் தனியாக மண்வெட்டியால் தோண்டிக் கழுவிவிட்டார். அப்போதே அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். படுக்கையில் கிடந்த நாட்களில் வலியைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கடைசியாகப் பேசியது அண்ணியிடம்தான். "மழ வருதா? வண்டிக்குத் தார்ப்பாயப் போட்டியா?" அன்று மழை இல்லை. போட்டுவிட்டதாக அண்ணி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு மாறி மாறிக் கண்விழித்த உறவினர்களுக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய ஊராருக்கும், தகவல் கேட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த பாய்க்கும், மாலையோடு வந்து நின்ற நிலக்காரர் குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

பெயர் தெரியாத இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். போன மாதம் வண்டியை எடைக்கு எடுக்க வந்த இரும்புக் கடைக்காரர் அவர். அண்ணி நான்கு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். "எதுக்கும்மா இது?" என்று கடைக்காரர் கேட்டார். சொன்னோம். அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, கிரேன் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லி, "எல்லாரும் சேந்து தள்ளுங்கலே" என்றார். தள்ளினால் கணக்கில்லை என்று அண்ணன் சொன்னதை நாங்கள் இருவருமே அவரிடம் சொல்லவில்லை. நானும் அண்ணியும் கூடச் சேர்ந்து தள்ளினோம். வெள்ளத்துத் துரு இறுகிப் பிடித்திருந்தது. ஒரு சக்கரமும் அசையவில்லை.

மறுபடியும் சங்கிலி மாட்டி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழங்கள் நான்கும் முழுசாக அங்கேயே கிடந்தன.