அப்பாவுக்கு முழு உதவி தேவை

இங்கே பிரான்ஸில் முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குப் போன முதல் வாரமே திருடி என்று பெயர் வாங்கிவிட்டேன். எண்பத்தாறு வயது பிரெஞ்சு மதாம் ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கை நடுங்கி நடுங்கி ஒரு துண்டுக்குக் கால் மணி நேரம். பார்க்கப் பொறுக்காமல் கத்தியை வாங்கி நானே தடவப் போனேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்குக் காலையில் யாரும் சாப்பாடு போடவில்லையா என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், பிடுங்கிக்கொண்டால் அதுவும் மறந்துபோகும் என்றாள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்த எனக்கு, இவர்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரீஸ் பக்கம் வந்தவள் நான். வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பாடம், முதுமையியல். புதுச்சேரியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "வயசாவறதுக்கு ஒரு படிப்பா? அது தானா வராதா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தனுப்பினார்கள். அறுபது வயதைத் தாண்டிய இருவரை ஒரு படிவத்தை வைத்து மதிப்பிட வேண்டும். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, சமைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம். தானாகச் செய்கிறார், கொஞ்சம் உதவி வேண்டும், செய்வதே இல்லை. அலைவானேன், வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்களே. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அறுபத்தெட்டு வயதிலும் தட்டாஞ்சாவடி வரைக்கும் சைக்கிள் மிதிப்பார். மகள் பேட்டி எடுக்கிறாள் என்று வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குளிக்க உதவி வேண்டுமா? அம்மா தண்ணீர் விளாவி வைத்து முதுகு தேய்த்துவிடுவாளாம். உடுத்த? அம்மா எடுத்து வைப்பாளாம். சாப்பாட்டைப் பரிமாற வேண்டும், தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுக்க வேண்டும். சமையல் பற்றிக் கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூட்டிப் பார்த்தால், சைக்கிள் மிதிக்கிற அப்பா படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஒரே ஒரு படி மேலே வந்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இந்தப் படிவத்தை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு உட்கார நேரமில்லை. அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். எல்லாமே தானாகத்தான். வரிசையாக முதல் கட்டத்திலேயே குறி போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் 'ஓத்தொனோம்' என்று எழுதினேன். பிரெஞ்சில், யாருடைய உதவியும் தேவைப்படாதவர் என்று அர்த்தம். சம்மதக் கையெழுத்துக்குக் காகிதத்தை மேசையில் வைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். காகிதத்தை விட்டுவிட்டு மேசைப் பலகையில் பெயரை எழுதினாள். முகத்துக்கு நேரே என் கையை ஆட்டிப் பார்த்தேன். வலது கண்ணில் வெறும் வெளிச்சம்தானாம், இடது கண்ணிலும் புகை மூட்டமாம். ஒரு வருஷமாக இப்படி. புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் ஆகிவிட்டது. கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பத்து நாளு அடுப்பாண்ட போவக்கூடாதாம், குனியக்கூடாதாம். உங்கப்பாவுக்கு யாரு சோறு போடுவா?"

கண் தெரியாதவளுக்கு உதவியே தேவையில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை அப்பாவின் மேல் காட்டிக் கத்தினேன். அவள் சொல்லவில்லையே என்றார் அவர். எனக்கும்தான் சொல்லவில்லை. நீ கூட இருந்தால் பண்ணிக்கொள்கிறேன் என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் கிடைத்த நாள் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. எனக்கு விமானம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று பயிற்சிக்குப் போகாவிட்டால் ஒரு வருஷப் படிப்பு வீண். பெற்ற தாயை விட்டுவிட்டு, யாரையோ பெற்ற இருபது கிழவர்களைக் கவனிக்கப் பறந்து வரவேண்டும். என்னைப் போல் வந்து சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இல்லாவிட்டாலும் ஆபரேஷன் நடக்கட்டும் என்று, மிச்சமிருந்த நான்கு நாளும் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். உலை வைக்கத் தெரிந்துகொண்டார், கஞ்சி வடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். குழம்பு கொண்டுவந்து கொடுப்பதாக எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார். கண் தெரியாத கஷ்டத்தைவிட அப்பா அடுப்படியில் நிற்கிற கஷ்டம்தான் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது. நாலு தடவை எழுந்து வந்தாள், நாலு தடவையும் உட்கார வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மதிய இடைவேளையில் தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து கார்டு போட்டுக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார். கண்கட்டைப் பிரித்துவிட்டார்களாம், சொட்டு மருந்து விடுகிற நேரமாம். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடியுங்கள், அவளை மேலே பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மேல பாரு, மேல பாரு என்று அப்பா சொல்வதும், நான் இங்கிருந்து அதையே சொல்வதுமாகக் கொஞ்ச நேரம் போனது.

"வுட்டுட்டேம்மா," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "ஆனா நிக்காம வழியுது. மருந்தா, அழுவுறாளான்னு தெரியல."

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அம்மாவை மேலே பார்க்கச் சொல்லிச் சொல்லி, கூண்டுக்குள் நானும் அண்ணாந்தபடியேதான் நின்றிருந்தேன். கன்னம் நனைந்தது. வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த பிரெஞ்சுக்காரர், அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று தானும் தலையைத் தூக்கிக் கூண்டின் கூரையைப் பார்த்தார்.