மேற்குத் தெருக் கோழிகளும் நான் கழுவிய ஊசியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டேன். ஓசியில் ஒரு டைரி கிடைத்தால் போதும், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிடுவேன். சுழிக்குக் கீழே பேனா நகராது. இப்படிச் சுழி மட்டும் போட்ட டைரிகள் வீட்டில் நாலைந்து கிடக்கின்றன. பிள்ளையாருக்கே அலுத்துப் போயிருக்கும். போன மாதம் ஒரு நர்ஸ் பெண் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான், இனிமேல் தாங்காது என்று உட்கார்ந்தேன்.

பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசி போட வேண்டும். மகனும் மருமகளும் கல்பாக்கத்தில் வேலைக்குப் போய்விட்டதால், நானும் என் சம்சாரமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் காகித உறையைக் கிழித்து பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்தாள். நான் என்னை அறியாமல் குனிந்து மூக்கை நீட்டிவிட்டேன்.

"இன்னா தாத்தா, ஊசிய போய் மோந்து பாக்குற? மல்லிப்பூவா இது?"

அசடு வழிந்தேன். அவள் பஞ்சை வெறும் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் தொடையைத் துடைத்தாள். "ஸ்பிரிட் போட மாட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இது உயிரோட கீற மருந்து தாத்தா. ஸ்பிரிட்டு கிட்ட வந்தா செத்துடும். தண்ணி போதும்."

என் சம்சாரத்துக்குப் பெருமை பொங்கிவிட்டது. "எங்க வூட்டுக்காரரும் ஊசி போட்டுகினு இருந்தவருதாம்மா."

"அப்டியா? டாக்டரா?"

"கோழிக்கு."

நர்ஸும் வரிசையில் நின்ற தாய்மார்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பேத்தி மட்டும் அழுதாள். எனக்கும் அவள் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

கோழிக்குத்தான். பத்தாவது பெயிலானவனுக்கு ஈசன் அளந்த படி அது. செய்யூர் பக்கத்தில் ஒரு கால்நடைக் கிளை நிலையத்தில் தற்காலிக உதவியாளாகச் சேர்ந்தேன். ஒற்றை அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்தால் மாட்டுச் சாணம், மண்ணெண்ணெய், பழுப்பு லோஷன் மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த லோஷன் உங்களுக்கும் தெரிந்ததுதான். தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்கூட அந்த வாசனை அடித்தால்தான் ஆஸ்பத்திரி என்று ஒப்புக்கொள்வார்கள்.

அப்போது சிரிஞ்சு கண்ணாடி. குழாயில் ஒரு நம்பர் இருக்கும், உள்ளே போகும் தண்டிலும் அதே நம்பர் இருக்கும். இதன் தண்டை அதில் செருகினால் ஒழுகும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். ஜாதகம் பார்த்து ஜோடி சேர்ப்பது மாதிரிதான். ஸ்டவ்வில் தகர டப்பாவை வைத்து, குழாய், தண்டு, ஊசி எல்லாவற்றையும் கொதிக்கவிடுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "கொதிக்க வை, ஆற வை. வேற எதையும் ஊத்தாத." ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய படிப்பு படித்தவர்களுக்குச் சுத்தத்தில் கொஞ்சம் அலட்சியம் உண்டு என்பது அந்தக் காலத்தில் என் அபிப்பிராயம்.

எங்களோடு பஷீர் பாய் இருந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் தற்காலிகம்தான். செங்கல்பட்டிலிருந்து மருந்தைப் பெரிய பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பஸ்ஸிலிருந்து இறங்கி சைக்கிள். பிளாஸ்க்குக்கு ஈரச் சாக்கு சுற்றி, அதன் மேல் தன் துண்டையும் போர்த்தி, வெயிலில் தன் மண்டை காய வருவார். "பொண்டாட்டிய கூட இப்டி இட்டாந்தது இல்ல" என்பார். ஊர்ப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ் பாய். சைக்கிள் மணி கேட்டால் கோழிகள் ஓடும், பிள்ளைகள் ஐஸ் கேட்டு வரும். அவரை அந்தத் தையில் நிரந்தரமாக்குவதற்குக் காகிதமெல்லாம் மேலே போயிருந்தது. வழியில் எந்த மாரியம்மனைப் பார்த்தாலும் நான் அவருக்காக ஒரு கும்பிடு சேர்த்துப் போடுவேன். "உங்க ஆளுங்களுக்கும் சொல்லி வையி, எங்காளுக்கு நான் சொல்லிட்டன்" என்று அவரும் சிரிப்பார்.

அந்தக் கார்த்திகையில் நான் சபரிமலைக்கு மாலை போட்டேன். முதல் தடவை, கன்னிசாமி. மாலை போட்டவனை யாராக இருந்தாலும் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? டாக்டரம்மா உட்பட எல்லோரும் கூப்பிட்டார்கள். "சாமி, அந்தக் கோழி காலப் புடி." "சாமி, சாணி மிதிச்சிட்ட, கழுவிட்டு வா." ஐயப்பனிடமே இவ்வளவு வேலை வாங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த நாட்களில் ஒரே சங்கடம் கோழிதான். இரண்டு வேளை குளித்து, திருநீறு பூசி, சரணம் சொல்லிவிட்டு வந்து கோழியின் இறக்கையைத் தூக்கிக் குத்த வேண்டும். அது என் கறுப்பு வேட்டியிலேயே கழியும். அதே ஊசி, அதே சிரிஞ்சு. வெறும் வெந்நீரில் போகுமா அந்தத் தீட்டு? தினமும் காலையில் கொதிக்கவைத்து ஆறியதும், லோஷனை நன்றாகக் கலந்து சிரிஞ்சுக்குள் இழுத்துப் பீய்ச்சி, ஊசியையும் அதிலேயே ஊறப்போட்டு எடுத்து வைத்தேன். திரும்பக் கழுவவில்லை. வாசனை இருந்தால்தானே சுத்தம்?

பனையடிமேடு என்ற ஊரில் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம். கழிச்சல் வந்தால் கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து இரண்டே நாளில் போய்விடும். காலையில் கிழக்குத் தெருவுக்கு டாக்டரம்மாவே தன் பெட்டியிலிருந்த சிரிஞ்சில் போட்டார். முடியும் நேரத்தில் எங்கோ ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்து அவரை ஜீப்பில் கூட்டிப் போய்விட்டார்கள். மேற்குத் தெரு என் பொறுப்பு.

நடுவில் நான் குளித்துவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை முடிக்க வேண்டியிருந்தது. விரதம் அப்படி. பஷீர் பாய் டீக்கடை பக்கத்துப் புங்கமர நிழலில் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு டீ குடித்தார். அந்த ஒரு டீயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரும் வைத்துக்கொண்டது.

மருந்து பாட்டிலின் அடியில் கற்பூரத் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் அதைக் கரைத்து, மணக்க மணக்க இருந்த என் சிரிஞ்சில் இழுத்து, மேற்குத் தெரு முழுக்கப் போட்டேன். கன்னியம்மா என்று ஒரு அக்கா. முப்பதுக்கு மேல் கோழி வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே, "சாமி கையாலயே போட்டாச்சி. இனிமே எமன் வந்தாலும் வாசல்லயே நிப்பான்" என்றது. நானும் அதை நம்பினேன்.

மலைக்குப் போனேன். பதினெட்டுப் படி ஏறினேன். கிளம்பிய அன்று என் துணிப் பையை பஸ் வரைக்கும் பஷீர் பாய்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "எனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லு சாமி." சொன்னேன். அது பொய் இல்லை, உண்மையாகவே சொன்னேன்.

அரவணைப் பாயசத்தோடு திரும்பி வந்த மறுவாரம் கழிச்சல் வந்தது. கிழக்குத் தெருவில் ஒன்றும் சாகவில்லை. மேற்குத் தெருவில் கூடை கூடையாக அள்ளினார்கள். கன்னியம்மா அக்கா செத்த கோழிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து நிலையத்து வாசலில் போட்டது.

"கீயத் தெருவுக்கு ஐஸ்ஸோட போச்சி, எங்குளுக்கு வெந்நி வந்துச்சி! டீக்கடைல குந்திகினு கத பேசிகினு இருந்தியே பாயி, இன்னா ஆச்சி ஐஸு? சாமி கை பட்டும் சாவுதுன்னா வேற எங்க கோளாறு?"

டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் விசாரித்தார். முதலில் என்னிடம் வந்தார்.

"சிரிஞ்ச எதுல கழுவுன சாமி? இது உயிர் மருந்து. அந்தக் கிருமிய மெலிய வச்சி உயிரோட குடுக்கறோம். கிருமிய கொல்ற எது உள்ள ஒட்டிகினு இருந்தாலும் இதுவும் செத்துடும். ஊசி போட்டதா பேரு, உள்ள போறது வெறும் தண்ணி."

அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. மேற்குத் தெருவில் நான் அன்று குத்தியது பிணத்தை. நெற்றியில் திருநீறு, மேஜையில் பிரசாத டப்பா, எதிரே ஊர்.

"வெந்நீர்தாம்மா" என்றேன்.

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. மலைக்குப் போய் வந்தவனிடம் யார் மறு கேள்வி கேட்பார்கள்? பஷீர் பாயிடம் திரும்பினார். "மதியம் ஐஸ் இருந்ததா?"

"பாதி கரைஞ்சிது மேடம். பாதி இருந்துச்சி."

எந்த முகாமில் ஐஸ் முழுசாக இருந்தது? கரைந்தால்தானே அது ஐஸ்? எப்போதும் போல இருந்ததை அந்த மனுஷன் அப்படியே சொன்னார். "பாத்தியா, அவன் வாயாலயே சொல்றான்" என்று கூட்டம் எழுந்தது. ஊரார் மனு எழுதினார்கள். பெரும்பாலும் கைநாட்டு. நிரந்தரத்துக்கு மேலே போயிருந்த பாயின் காகிதம் திரும்பி வந்தது. ஐஸ் பாய் என்ற பெயரைப் பிள்ளைகள் கல்லெறிவது மாதிரி கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பிளாஸ்க்கைத் துடைத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "வரேன் சாமி" என்று போனவர் அப்புறம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அதற்குப் பிறகு ஏழு தடவை மலைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஐயப்பனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்திருப்பார், அவருக்கு என்ன, கோழியா போயிற்று, வேலையா போயிற்று? சொல்ல வேண்டிய இடத்தைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாகூருக்குக்கூடப் போய்ச் சொன்னேன், அவர்கள் ஆளிடம் சொன்னால் நேரே போய்ச் சேரும் என்று ஒரு நப்பாசை.

அந்த நர்ஸ் சிரித்த மறுநாள் காலையில் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனேன். பஷீர் பாய் அங்கிருக்கும் பழைய கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் கண்டு, "வா சாமி, நாஸ்தா ஆச்சா?" என்றார். நின்றபடியே சொல்லிவிட்டேன். லோஷன், சிரிஞ்சு, வெந்நீர் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சோடா பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வாணாம். நான் டீ குடிச்சன்னுதான சாமி கோழி செத்துதுன்னு நானே நெனச்சிகினு கீறன்? இத்தினி வருஷமா? அந்தப் பக்கமா போனா அந்த மரத்தப் பாக்கறதே இல்ல நானு." பாட்டிலை வைத்தார். "என்கிட்ட வந்து எதுக்கு சொல்ற? எனக்கு ஊசி போட்டியா நீ? அந்தத் தெருவுல போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா. அப்பால டீ குடிக்கலாம்."

பனையடிமேட்டுக்குப் போனேன். மேற்குத் தெரு இல்லை. கூரை வீடுகள் போய், கலர் கொடி நட்ட மனைகளும் சுற்றுச்சுவரும் ஒரு நீச்சல்குள விடுதியும் இருந்தன. கன்னியம்மா அக்கா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. மருமகள் மட்டும் சாலையோரம் பிராய்லர் கடை வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் கூடைகளில் வெள்ளைக் கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. "உங்க மாமியாரு கோழி செத்துதே, அதப் பத்தி" என்று ஆரம்பித்தேன். "இன்னாத்த கோழி? கறி எத்தினி கிலோ வோணும், அத சொல்லு" என்றது. கைநாட்டு வைத்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மீதிப் பேர் தாம்பரம், ஒரகடம் என்று பிள்ளைகளோடு போய்விட்டார்கள். பொய்யைக் கேட்ட ஊர் கலைந்துவிட்டது, நிஜத்தைச் சொல்ல வாசல் இல்லை. பஷீர் பாயோடு அந்த டீயை இன்னும் நான் குடிக்கவில்லை.

அதனால்தான் எழுதினேன். சாமி பேரில் நோட்டீஸ் வருமே, ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தால் புதையல் கிடைக்கும், கிழித்தால் ரத்தம் கக்குவாய் என்று, அப்படி எதுவும் இதில் இல்லை. பனையடிமேடு மேற்குத் தெருவில் பிறந்து வளர்ந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சேர்ப்பித்துவிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, "பாவம், தெரியாமல் செய்த தப்புதானே" என்று என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். கழுவியதுதான் தெரியாமல். வெந்நீர் என்று சொன்னது தெரிந்து.