சத்தம் போடுகிற கமரா

புதிதாகக் கமரா வாங்கப் போகிற பிள்ளைகள் என் ஸ்டூடியோவுக்கு வந்து கேட்பார்கள். "அக்கா, பழைய பெரிய டி.எஸ்.எல்.ஆர். நல்லதோ, புது மிரர்லெஸ் நல்லதோ?" லென்ஸ், மெகாபிக்சல், வீடியோ என்று நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கோ அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் ஒருத்தன் தன் மனைவியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்ததுதான் கண்ணுக்குள் வரும். அதனால் என் பதில் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

கிளிநொச்சியில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் போவேன். பெண் என்பதால் உடுப்பு மாற்றுகிற அறைக்குள்ளும் என்னை விடுவார்கள். அதனால்தான் என் தொழில் ஓடுகிறது. ஒரு மாரி வெள்ளத்தில் என் கமரா நனைந்து செத்துப்போனது. வேறொன்று எடுக்க வேண்டும் என்று இருந்தபோது, ஒரே கிழமையில் இரண்டு கமரா கைக்கு வந்தன.

ஒன்று யாழ்ப்பாணத்தில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணருடையது. அவர் கனடாவுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பெரிய தொழில்காரர் பாவிக்கிற பழைய டி.எஸ்.எல்.ஆர். மூலைகளில் கறுப்புத் தேய்ந்து உள்ளே உலோகம் தெரிந்தது. அம்மிக் குழவிக் கனம். மற்றது லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தியின் மகள் கொண்டுவந்த மிரர்லெஸ். தொடங்குகிற ஆட்களுக்கென்று செய்தது. ஆனால் புத்தம் புதிது. பணிஸ் பைக்கட்டைத் தூக்குவதுபோல ஒரு கையால் தூக்கலாம். இரண்டு பேருமே "ஒரு வேலைக்குக் கொண்டுபோய்ப் பார், பிடித்தால் வைத்திரு" என்றார்கள்.

புதியதை நான் முதல்நாளே பாதி முடிவு செய்துவிட்டேன். காரணம் அதன் அமைதி. டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது எழும்பி விழும். சடக் என்று ஒரு சத்தம். செத்த வீட்டில் ஒரு தாய் பெட்டியில் தலையை வைத்து அழும்போது அந்தச் சத்தம் போடுவது எனக்கு எப்போதும் வெட்கமாக இருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சத்தத்தை நிற்பாட்டி வைத்தால் படம் எடுப்பது பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியாது. பழையதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அதில் இரண்டு சிப் போடலாம். எடுக்கிற படம் இரண்டிலும் விழும், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். அதற்காக அந்தக் குழவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்று நினைத்தேன்.

இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு உடையார்கட்டுப் பக்கம், பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்த ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் தாயை எனக்கு முன்பே தெரியும். விழாவைப் பற்றிக் கதைக்க ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ளுவாள். அந்த வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டிருந்தாள். நான் பார்த்தேன், கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படியானதைக் கேட்காமல் விடுவதற்கு மரியாதை என்று பெயர்.

அவளுடைய ஆட்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். புருசனின் ஆட்கள் என் ஆட்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். இவர்கள் இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். அவள் எந்தச் சனம் என்பதை அவன் வீட்டுக்காரர் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை, அவளை மறக்க விடவும் இல்லை. விழாவை எடுத்துச் செய்தது பிரான்சில் இருக்கிற அவளுடைய அண்ணன். தாய்மாமனான அவர் வர முடியாதபடியால் கைபேசியில் வீடியோ கோலில் லைவ் போட்டு, அங்கே இருந்த சொந்தம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரச்சினை மண்டப வாசலில் கட்டியிருந்த பெரிய பனரில் தொடங்கியது. நடுவில் பிள்ளை. பக்கத்தில் கோட் சூட் போட்ட மாமன், ஆளுயரத்துக்கு. தகப்பனின் தலை கீழே மூலையில், முத்திரை அளவில். நான் போனபோது தகப்பன் பட்டு வேட்டியோடு அந்தப் பனரின் முன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலேயே குடித்திருந்தான். பழக்கத்தில் ஒரு படம் எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினான். "அதை எடுக்காத," என்றான். அப்போது என் கையில் இருந்தது பழைய கமரா.

பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, மணவறையில் கொண்டுவந்து இருத்தினார்கள். மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. தாய் ஆராத்தித் தட்டு எடுக்கப் பின் அறைக்குப் போனாள். அவன் பின்னால் போனான். என் பை அந்த அறையில் இருந்ததால் லென்ஸ் மாற்ற நானும் போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

அவளுடைய கொண்டையை மாலையோடு சேர்த்துக் கையில் சுற்றி, தலையை அலுமாரிக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் இரகசியம் சொல்லுகிற குரல்.

"உன்ர கொண்ணனுக்கு அவ்வளவு பெரிய தலை. எனக்குப் பயத்தங்கொட்டை அளவில தலையோ? பிரான்சுக்குப் போனா தோட்டக்காட்டு நாயள் மனிசராகிடுமோ?"

அவளும் கத்தவில்லை. வெளியே லைவ் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நான் இன்றுவரை மறக்காதது அதை அல்ல. அந்த அடிக்குள்ளும் அவள் ஆராத்தித் தட்டை இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்திருந்தாள். குங்குமத் தண்ணீர் சிந்தினால் பிள்ளைக்குக் கூடாது என்பதற்காக.

ஆதாரம் வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. புதிய கமராவைத் தூக்கி அழுத்தினேன். பிறகும் அழுத்தினேன். திரையில் அவள் முகம் அந்த மங்கல் வெளிச்சத்திலும் வடிவாகத் துலங்கியது. சத்தமே இல்லை. அவன் முழங்காலை மடக்கி அவள் வயிற்றில் ஒன்று விட்டான். அதுவும் படத்தில் விழுந்தது. கமரா தன் வேலையை ஒரு பிழையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது, அவனும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அந்த அறையில் நான் இல்லை. எனக்கு உச்சந்தலை வரை கொதி ஏறியது. அவன் மேல் மட்டுமல்ல, என் கையில் இருந்த அந்த மரியாதை தெரிந்த சாமான் மேலும்.

அதை அப்படியே தொங்கவிட்டுப் பழையதைத் தூக்கினேன். தொடர்ந்து எடுக்கிறதில் வைத்து விரலை அழுத்திப் பிடித்தேன். கண்ணாடி எழும்பி விழுந்து, எழும்பி விழுந்து, அந்தச் சீமெந்து அறைக்குள் சடசடசடவென்று வெடித்தது.

வன்னியில் சண்டைக்குள் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அடுக்கடுக்காக ஒரு சத்தம் கேட்டால் உடம்புதான் முதலில் குனியும். புத்தி பிறகு ஆறுதலாக வரும். அவன் முடியை விட்டுவிட்டுத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினான். அவளும் தட்டைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். சிவப்புத் தண்ணீர் அவள் சேலையெல்லாம் ஊறியது. எனக்கும் குனிய வேண்டும்போல முதுகு கூசியது. குனிந்தால் விரல் எடுபட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கமராவில் இருந்து வந்தது என்று அவனுக்குப் பிடிபட்டதும் என்மேல் பாய்ந்தான். முதலில் கையில் அகப்பட்டது தோளில் தொங்கிய மிரர்லெஸ். பட்டியோடு இழுத்து அறுத்து நிலத்தில் அடித்தான். அது முட்டைக் கோதுபோல நொறுங்கியது. அதற்குள் இருந்த ஒரே சிப்பையும் குதிக்காலால் நசித்தான்.

"மற்றதின்ர சிப்பையும் எடடி!"

பழையதின் மூடியைத் திறந்து ஒரு சிப்பை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் முறித்து எறிந்தான். கமராவில் இரண்டு சிப் இருக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

அதோடு அவன் போயிருந்தால் நானும் விட்டிருப்பேனோ தெரியாது. ஆனால் திரும்பி, நிலத்தில் கிடந்தவளைப் பார்த்து, "எல்லாம் உன்னால," என்று காலை ஓங்கினான். நான் கமராவைப் பட்டியில் பிடித்து வீசினேன். மூக்கில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. இன்னொன்று போடத்தான் கை எழும்பியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்ததால் நிற்பாட்டினேன்.

அதற்குள் அவனுடைய தமக்கை வந்துவிட்டாள். தம்பியின் இரத்தத்தைப் பார்த்தாள், இவளின் நெற்றியில் வழிகிற இரத்தத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு இவளுக்குச் சொன்னது இதுதான்: "லைவ் போகுது. வெளிநாட்டுச் சனம் பாத்துக்கொண்டிருக்கு. முகத்தைத் துடைச்சு, கொஞ்சம் பவுடரைப் போட்டுக்கொண்டு வெளியில வா." என்னைப் பார்த்து, "நீயும் குடும்பப் படத்தை எடுத்துப்போட்டுப் போ. வீட்டுக் கதை வீட்டோட இருக்கட்டும்," என்றாள். எனக்கு அவளுக்கும் ஒன்று போட வேண்டும்போல இருந்தது.

நிலத்தில் கிடந்தவள் எழும்பினாள். தமக்கை நீட்டிய துவாயை அவள் வாங்கவில்லை.

"அக்கா, எடுத்தனீங்களோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம், எடுத்தனான்."

"அவர் சிப்பை முறிச்சவர்."

நான் அவள் காதுக்குக் கிட்டப் போய், "உள்ளுக்கை இன்னொண்டு கிடக்கு," என்றேன்.

அவள் என் கழுத்தில் தொங்கிய அந்தக் கறுப்புப் பாரத்தைப் பார்த்தாள். பிறகு அவிழ்ந்த தலையோடும் நெற்றி இரத்தத்தோடும், பவுடர் போடாமல், நேரே மண்டபத்துக்குள் நடந்தாள். லைவ் போய்க்கொண்டிருந்த கைபேசியின் முன் போய் நின்றாள். நாதஸ்வரக்காரர்தான் முதலில் கண்டு குழலை வாயிலிருந்து எடுத்தார், பிறகு மேளம் நின்றது. அந்த அமைதிக்குள் கைபேசியிலிருந்து ஒரு ஆணின் குரல் அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி அலறுவது மண்டபம் முழுவதும் கேட்டது. அவள் மணவறைக்குப் போய் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அவன் பொலிசில் சொன்னான். என் கமராதான் தன் மூக்கை உடைத்தது என்றும் சொன்னான், அது உண்மை. நான் இரண்டாவது சிப்பைக் கொடுத்தேன். சத்தம் கேட்டு அவன் குனிவதற்கு முந்திய படங்களும் அதில் இருந்தன. முடி சுற்றிய கை, அலுமாரிக் கதவு, மட்டமாகப் பிடித்த தட்டு. அதற்குப் பிறகு அங்கே குளியலறைக் கதை எடுபடவில்லை. அவள் பிள்ளையோடு செட்டிகுளத்தில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போனவர்களை வாசலோடு அனுப்பினாள் என்று கேள்விப்பட்டேன்.

நொறுங்கிய மிரர்லெஸ்ஸுக்குப் பதிலாக அந்த மாமனே பிரான்சிலிருந்து புதிது ஒன்று அனுப்பினார். அதைச் சித்தியின் மகளிடம் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணருக்கு, "இது எனக்குத்தான்," என்று சொல்லி அனுப்பினேன். அதன் ஒரு மூலை நெளிந்திருக்கிறது. திருத்தக் கொடுக்கவில்லை.

அடுத்த வருசம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறதாம், அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். நான் அழுத்தியதும் சடக்கென்றது. அவள் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது. படம் வடிவாக வந்திருந்தது, திருப்பிக் காட்டினேன்.

"இன்னொருக்கா எடுங்கோ அக்கா," என்றாள்.

"இது காணுமடி, நல்லா வந்திருக்கு."

"படத்துக்கில்லை. அண்டைக்கு எடுத்தமாதிரி, விடாமல் எடுங்கோ. இந்தமுறை குனியாமல் கேக்கோணும்."

தொடர்ந்து எடுக்கிறதில் வைத்து விரலை அழுத்திப் பிடித்தேன். சடசடசடவென்று அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே லென்ஸைப் பார்த்தபடி, அவள் குனியாமல் இருந்தாள். நான் விரலை எடுக்கவில்லை. பிறகு அந்தப் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றிலும் அவள் முகம் நடுவில் இல்லை. எடுக்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.