ஈரம் தாங்காத போரான்

இந்த ஜெர்மன் ஊரில் ஈரத்தை விரட்டுவதுதான் என் வேலை. பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, மின்னடுப்பில் காயவைத்து, துளி நீரும் ஒட்டாமல் எடுத்துக் கொடுக்கிறேன். நான் இங்கே முதலில் கற்ற சொல் 'ட்ரொக்கன்'. உலர்ந்தது என்று பொருள். வெளியே பனி கொட்டும். உள்ளே நான் காயவைத்துக்கொண்டிருப்பேன்.

கும்மிடிப்பூண்டியில் இதற்கு நேர்மாறாகப் பழகியவன் நான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன், சூரத், ஷார்ஜா என்று அலையக் கிளம்பும் முன் சிப்காட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் தம்பி டேவிட்டோடு வேலை பார்த்தேன். ஹைட்ரஜன் லேசில் பிரியாது. அதன் இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். அதைப் பிரித்து மருந்தில் சேர்க்க நிக்கல் தூள் போடுவோம். பிறகு அந்தக் கரிய சேற்றை வடிகட்டித் தண்ணீருக்குள்ளேயே வைக்க வேண்டும். காய்ந்தால் தானே தீப்பிடிக்கும். மிச்சம் எதைக் கண்டாலும் தண்ணீர் ஊற்று என்பதுதான் அங்கே முதல் பாடம். டேவிட் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பல வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியவனைப் போன வருடம்தான் நிரந்தரமாக்கினார்கள். இப்போது நிக்கல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைத்தோல் வெடித்து நீர் வடிகிறது. அந்த வேலையை விடு என்கிறார் டாக்டர். வேறு பிரிவுக்குப் போனால் மறுபடி ஒப்பந்தம்தான் என்கிறது ஆலை.

இங்கே ஆய்வு மாணவி லேனா உலோகமே இல்லாமல் ஹைட்ரஜனைப் பிரிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் டேவிட்டிடம் சொன்னேன். அவன் அதையே நம்பிக் காத்திருந்தான்.

ஒரு மதியம் அவள் மேசையில் ஒரு குடுவை இருந்தது. அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. என் கை பழக்கத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டது.

"ஆண்டன், ஏன் தண்ணீர்?" என்றாள்.

"தீ" என்றேன். அவள் சுற்றிலும் தீயைத் தேடினாள். அரைகுறை ஜெர்மனில் நிக்கலில் தொடங்கித் தம்பியின் கை வரை சொல்லி முடித்தேன். பாடுபட்டுச் செய்த போரான் சேர்மம் ஈரம் பட்டுப் போயிற்றே என்று அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள். ஒரு பக்கம் போரான், மறுபக்கம் பாஸ்பரஸ். ஒன்றையொன்று நாடும், ஆனால் சுற்றிலும் பருத்த அணுக்கிளைகள் இருப்பதால் நெருங்க முடியாது. அந்த இடைவெளியில் அகப்படும் ஹைட்ரஜனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரித்துவிடும்.

"எங்கள் ஆலைக்கு எப்போது வரும்?"

"அங்கே காற்று எப்படி?"

"அப்பளம் பொரித்து வைத்தால், சோறு போடுவதற்குள் நமுத்துவிடும்."

சிரித்தாள். பிறகு நனைந்த குடுவையைப் பார்த்தாள். "இந்தப் போரான் அங்கே பிழைக்காது, ஆண்டன். தம்பியைக் காத்திருக்கச் சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை டேவிட் வீடியோவில் வந்தான்.

"இன்னாணா, அந்தப் போரான் மேட்டரு இன்னா ஆச்சி?"

சொன்னேன்.

"அப்போ அதுவும் உன்ன மாதிரிதான். நம்மூரு காத்து ஒத்துக்காது."

"அந்த நிக்கல் வேலைலேர்ந்து வெளிய வந்துடுடா."

"பெர்மனன்ட் பூடும்ணா."

"கை பூட்சின்னா?"

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். "செரி. நாளிக்கி பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்றேன். பேஜாரு வுட்டுது. நீ மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு குந்தாத."

அங்கே மழை பிடித்தது. எரிச்சலுக்கு இதமாக இருக்குமென்று சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். அந்த வெடிப்புகளில் தூறல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் என் கையும் திரையை நோக்கி நீண்டிருந்தது. அதில் ஒரு துளியும் விழவில்லை.